கோப்பெருந்தேவியின் தலைவலி

2022 ஆகஸ்ட் 23ஆம் தேதியை நம்மில் பெரும்பாலோர் ஒரே ஒரு செய்தியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். நஜிப் ரசாக் உள்ளே போனார். எஸ்ஆர்சி வழக்கில் 12 ஆண்டு சிறையும் 210 மில்லியன் வெள்ளி அபராதமும் கூட்டரசு நீதிமன்றத்தில் உறுதியாயின. அன்றைக்கே காஜாங் சிறை. ஆனால் தீர்ப்புக்கு முன்னால் அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. தலைமை நீதிபதி தெங்கு மைமூன் துவான் மாட் இந்த வழக்கிலிருந்து விலக வேண்டும் என்று நஜிப் தரப்பு ஒரு மனுவைக் கொண்டுவந்தது. அவர் எழுதியதோ பேசியதோ அதற்குக் காரணமில்லை. அவருடைய கணவர் 2018 மே மாதம், பொதுத் தேர்தல் முடிந்த கையோடு, ஃபேஸ்புக்கில் நஜிப்பைப் பற்றிப் போட்ட ஒரு பதிவுதான் காரணம்.

அந்தப் பதிவு வந்தபோது தெங்கு மைமூன் தலைமை நீதிபதியே இல்லை. நாட்டின் முதல் பெண் தலைமை நீதிபதியாக அவர் நியமிக்கப்பட்டது 2019 மே 2ஆம் தேதி. மனு தள்ளுபடியானது, மேல்முறையீடும் தள்ளுபடியானது. ஐந்து பேர் கொண்ட அந்த அமர்வில் அவரோடு நளினி பத்மநாதன், மேரி லிம் என மூன்று பேர் பெண்கள். 1983இல் சித்தி நோர்மா யாக்கோப் உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானதிலிருந்து கணக்கிட்டால் இந்தக் காட்சிக்கு வந்து சேர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

அந்த வாரம் ஜாசினில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். நஜிப் உள்ளே போனதில் பெரியப்பாவுக்கு மகிழ்ச்சிதான், அதில் சந்தேகமே வேண்டாம். இருந்தாலும் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “புருஷன் வீட்டுல பேசாமயா இருந்திருப்பாரு? பொம்பள மனசுல அது ஏறாமயா இருக்கும்?”

“ஏன் பெரியப்பா, ஆம்பள ஜட்ஜுக்கு வீட்டுல பொண்டாட்டி பேசமாட்டாங்களா?”

“பேசுவாங்க. அவரு கேட்கமாட்டாரு.”

பெரியம்மா உள்ளேயிருந்து சிரித்த சத்தம் கேட்டது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பதில் பல மாதங்கள் என்னை விடவில்லை. நடுநிலை என்று நாம் எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோமோ அதன் முழு வரையறையும் அந்த ஒரு வரியில் இருந்தது. ஆண் மனம் கதவு போட்ட அறை. பெண் மனம் திண்ணை, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். நீதிபதியாக இருக்கக் கதவு வேண்டும், ஆகவே ஆண் பொருத்தமானவன். பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்தால் முதலில் அவளுக்குக் கதவு இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு எதிரான சாட்சியம் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தமிழின் மிகப் பிரபலமான தவறான தீர்ப்பையே எடுத்துக்கொள்ளலாம்.

கண்ணகி சிலம்பை உடைத்த காட்சி எல்லோருக்கும் மனப்பாடம். தோட்டத்துத் திருவிழா மேடை நாடகங்களில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதற்கு முன்னால், கொலைக்களக் காதையில் வரும் சின்ன விஷயத்தைத்தான் யாரும் மேடை ஏற்றுவதில்லை. பாண்டியன் நாடக மகளிரின் ஆடலையும் பாடலையும் ரசித்துக்கொண்டிருக்கிறான். அது கோப்பெருந்தேவிக்குப் பிடிக்கவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்து அந்தப்புரம் போய்விடுகிறாள். மன்னன் மந்திரிகளை விட்டுவிட்டு, அவளைச் சமாதானப்படுத்தப் பின்னாலேயே போகிறான். அந்த வழியில்தான் பொற்கொல்லன் காலில் விழுந்து, அரண்மனைச் சிலம்பைத் திருடியவன் என் குடிசையில் இருக்கிறான் என்கிறான். விசாரணை இல்லை, சாட்சி இல்லை. காவலரைக் கூப்பிட்டு, சிலம்பு அவன் கையில் இருந்தால் அவனைக் கொன்று அதைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு மன்னன் உள்ளே போய்விடுகிறான். மனமெல்லாம் மனைவியின் ஊடலில். பெரியப்பாவின் கோட்பாட்டுக்கு நேர்மாறு.

இந்தக் கதையிலிருந்து நம் மரபு என்னென்னவோ பாடங்களை எடுத்தது. ஊழ்வினை என்றது, அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்று என்றது, பத்தினியின் பெருமை என்றது. கல்யாணமான ஆண்கள் தீர்ப்பு சொல்லத் தகுதியற்றவர்கள், வீட்டுச் சண்டை அவர்கள் மூளையை மறைத்துவிடும் என்று எந்த உரையாசிரியரும் எழுதவில்லை. எழுதியிருந்தால் நாம் சிரித்திருப்போம். அது பாண்டியன் என்ற ஒருவனின் பிழை, ஆண் என்ற வகையின் குறை இல்லை என்று சொல்லியிருப்போம். சரிதான். அந்தச் சலுகை பெண்ணுக்குக் கிடைக்குமா என்பதுதான் என் கேள்வி.

கிடைப்பதில்லை என்று நினைக்க எனக்குக் காரணங்கள் உண்டு. நான் சில ஆண்டுகள் மலாக்கா மாநிலத்தில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவள். நம் ஆட்கள் ‘ஜூருபஹாசா’ என்று கூப்பிடுவார்களே, அந்த வேலை. ஆயர் கெரோ, ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் வருபவர்கள் தமிழில் சொல்வதை மலாயில் சொல்ல வேண்டும், நீதிபதி சொல்வதைத் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும். நடுவில் எதையும் சேர்க்கக் கூடாது, விடவும் கூடாது. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் ‘அம்மா’ என்ற சொல்லில் நான் தினமும் தடுக்கி விழுந்தேன்.

உயர் நீதிமன்றத்திலும் அதற்கு மேலும் நீதிபதியை ‘யாங் ஆரிஃப்’ என்பார்கள். அறிவுடையவர் என்று பொருள். அதில் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை. மாஜிஸ்திரேட், செஷன்ஸ் நீதிமன்றங்களில் ஆணென்றால் ‘துவான்’, பெண்ணென்றால் ‘புவான்’. நம் மக்கள் ஆண் மாஜிஸ்திரேட்டை ‘ஐயா’ என்றும் பெண் மாஜிஸ்திரேட்டை ‘அம்மா’ என்றும் கூப்பிடுவார்கள். நான் ‘ஐயா’வைத் துவான் என்பேன், ‘அம்மா’வைப் புவான் என்பேன். அகராதிப்படி சரி. ஆனால் ‘ஐயா’ என்று சொல்பவர் தலையைக் குனிந்துகொண்டு, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார். ‘அம்மா’ என்று தொடங்கினால் கதை வரும், குடும்பம் வரும், அழுகை வரும். அந்தச் சொல்லுக்குள் ஒரு விண்ணப்பம் உட்கார்ந்திருக்கிறது: நீ சட்டப் புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார். புவான் என்ற சொல்லில் அது இல்லை. என் வாயிலிருந்து மலாயாக வெளியே வரும்போது அது காணாமல் போயிருக்கும். சீன மாஜிஸ்திரேட்டோ மலாய் மாஜிஸ்திரேட்டோ அதைக் கேட்டிருக்கவே மாட்டார். தமிழ்ப் பெண்ணாக இருந்தால் என் மொழிபெயர்ப்பு வருவதற்கு முன்பே அவருக்கு அது போய்ச் சேர்ந்திருக்கும்.

தண்டனை கொடுத்த பிறகு வராந்தாவில் பேசிக்கொள்வதும் வேறுவேறாகத்தான் இருந்தது. ஐயா தண்டித்தால், “சட்டம் அப்படி, அவரு என்ன பண்ணுவாரு.” அம்மா தண்டித்தால், “ஈரமே இல்லாத பொம்பள.” இரண்டும் ஒரே குற்றம், ஒரே அபராதம். விட்டுவிட்டாலும் சிக்கல்தான். ஐயா விட்டால் நல்ல மனுஷன். அம்மா விட்டால், அழுதா மசிஞ்சிடும்.

தோட்டத்து மொழியில் இதற்கு ஒரு பழைய வேர் இருக்கிறது என்று நினைக்கிறேன். துரை என்றால் மானேஜர். துரைசானி என்றால் துரையின் மனைவி. பங்களாத் தோட்டத்தில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றும் துரைசானியிடம் போய் அழுதால் துரையிடம் சொல்லி வைப்பார் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. அதிகாரம் துரையுடையது, இரக்கம் துரைசானியுடையது. பெண் தன் பெயரில், தன் கையெழுத்தில் அதிகாரம் வைத்திருந்தால் அவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது? மூன்று தலைமுறை தோட்ட வாழ்க்கை அதற்கு ஒரு சொல்லைத் தரவில்லை. பிறகு வந்த ‘டீச்சர்’ ஒன்றுதான் கொஞ்சம் நெருங்கி வருகிறது.

தோட்டத்தில் நீதி எங்கே நடந்தது என்று இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நான் பிறந்தது ஜாசின் வட்டாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம், இப்போது முழுக்கச் செம்பனை. ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்து கூடும். கோயில் தலைவர், ஒரு பழைய கங்காணி குடும்பத்துப் பெரியவர், சங்கத்துத் தலைவர், இன்னும் இரண்டு பேர். 1976ஆம் ஆண்டின் திருமண மணவிலக்குச் சட்டம் நடப்புக்கு வந்தது 1982 மார்ச் 1ஆம் தேதி. அதற்கு முன்னால் மஞ்சள் கயிற்றில் நடந்த கல்யாணத்துக்குப் பதிவும் கட்டாயமில்லை, பிரிவதற்கு நீதிமன்றப் படியும் ஏறியதில்லை. சட்டம் வந்த பிறகும் எங்கள் தோட்டத்தில் ரொம்ப நாளைக்கு அந்தக் கோயில் வாசல்தான் குடும்ப நீதிமன்றம். வழக்கு பெண்ணுடையதாக இருந்தாலும் பேசுவது அண்ணனோ அப்பாவோ. அவள் தூண் ஓரம் நிற்பாள். கடைசியில் “அனுசரிச்சுப் போம்மா” என்பார்கள், புருஷனுக்கு ஐம்பது வெள்ளி கோயில் அபராதம்.

என் பாட்டி அந்தத் தோட்டத்தில் ஆயா. விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவார்கள். இருபது, இருபத்தைந்து பிள்ளைகள். எந்த வீட்டில் நேற்று ராத்திரி சோறு பொங்கவில்லை, எவள் முதுகில் பெல்ட் தழும்பு இருக்கிறது, எந்தப் பிள்ளை யாரைப் பார்த்து ஒளிகிறது, எல்லாம் பாட்டிக்குத் தெரியும். தோட்டத்திலேயே அதிக உண்மை தெரிந்த ஆள் அவர்தான். ஒரு பஞ்சாயத்துக்குக்கூட அவரை யாரும் கூப்பிட்டதில்லை. அம்மா ஒருமுறை கேட்டதற்குத் தாத்தா சொன்ன காரணம்: “அவ எல்லாருக்கும் வேண்டியவ. நியாயம் பேச முடியாது.” அடித்தவனோடு சனிக்கிழமை சம்சு குடித்தவர் ஞாயிற்றுக்கிழமை நடுவராக உட்கார்ந்தார். அது யாருக்கும் உறுத்தவில்லை.

திருக்குறளில் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரமே உண்டு, துலாக்கோல் உவமையோடு. துலாக்கோல் நல்ல உவமைதான். ஆனால் தராசு தானாக நிற்பதில்லை. யாரோ ஒருவர் அதைக் கையில் பிடித்திருக்கிறார். எங்கள் தோட்டத்தில் அந்தக் கை ஏற்கெனவே ஒரு பக்கத்து ஆளுடையது. அது எப்போதும் அப்படியே இருந்ததால் அதுதான் நடு என்று ஆகிவிட்டது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் தென்னிந்தியத் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயித்த தினக்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதுவும் நியாயமான கூலி என்றுதான் எழுதப்பட்டது.

இதையெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு தமிழ் மாஜிஸ்திரேட் இருந்தார். பெயர் வேண்டாம், விவரங்களையும் கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன். என்னைவிட நான்கு வயது சிறியவர். நீதிமன்றத்துக்கு வெளியே “அக்கா” என்பார், உள்ளே என்னை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். மாசி மகத்தன்று சன்னாசிமலைக்குப் போயிருக்கிறார். கூட்டத்தில் தூரத்து உறவில் ஒரு மாமா இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, “தங்கச்சி, நம்ம பையன் கேஸு புதன்கிழமை உங்ககிட்டதான் வருதாம்” என்று காதோரம் சொல்லிவிட்டுப் பிரசாதத்தைக் கையில் வைத்தார். புதன்கிழமை அவர் அந்தக் கோப்பை வேறு நீதிமன்றத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டார். உறவில் ஒரு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. அதன்பின் அவர் கோயிலுக்கு வாரநாளில், மதிய நேரத்தில் போக ஆரம்பித்தார். பிறகு கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினார். நீதிபதி தனிமையில் வாழ வேண்டும் என்பது ஆணுக்கும் உள்ள விதிதான், மறுக்கவில்லை. ஆனால் கல்யாண வீட்டுக்கு ஆண் வராவிட்டால் “வேலையா இருப்பாரு” என்று முடிந்துவிடும். பெண் வராவிட்டால் “ஜட்ஜாயிட்டா, தலகனம்” என்று அவள் மாமியார் வரைக்கும் போகும்.

அவருக்குச் சபாவுக்கு மாற்றல் வந்தது. நீதித்துறைச் சேவையில் மாற்றல் சகஜம். ஆண் அதிகாரி மாற்றலானால் மனைவி பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவது, அல்லது இங்கேயே இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, இரண்டுமே கதையில் எழுதத் தேவையில்லாத விஷயங்கள். இவர் கணவருக்குப் பத்து பெரண்டாமில் தொழிற்சாலை வேலை. பிள்ளைக்கு மூன்று வயது. “பெத்த பிள்ளைய விட்டுட்டு யாருக்குக்கா நியாயம் சொல்லப் போற?” என்று அவர் அம்மாவே கேட்டாராம். என்னிடம் சொல்லும்போது அவர் அழவில்லை. “அம்மா கேட்டது நியாயமான கேள்வி இல்ல. ஆனா ஃப்ளைட்டுல அதுக்குப் பதில் யோசிச்சிக்கிட்டேதான் போனேன்” என்றார்.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சான்ட்ரா டே ஓ’கானர், அல்சைமர் நோய் கண்ட கணவரைப் பார்த்துக்கொள்வதற்காக 2006இல் பதவி விலகினார். அதே காலத்தில் தலைமை நீதிபதி ரென்க்விஸ்ட் தைராய்டு புற்றுநோயோடு சாகும்வரை பதவியில் இருந்தார். யார் செய்தது சரி என்று சொல்ல நான் யார். ஆனால் இந்த இரண்டு முடிவுகளையும் இடம் மாற்றிப் போட்டுக் கற்பனை செய்து பாருங்கள், எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று தெரியும்.

சரி, பெண் நீதிபதி வேறு மாதிரி தீர்ப்பு எழுதுவாரா? இதுதான் எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்து கேட்கும் கேள்வி. கரோல் கில்லிகன் 1982இல் எழுதிய நூலுக்குப் பிறகு, ஆண்கள் விதியிலிருந்தும் பெண்கள் அக்கறையிலிருந்தும் அறம் பேசுகிறார்கள் என்று ஒரு எளிய சூத்திரம் ஊரெல்லாம் பரவிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது பெரியப்பாவின் திண்ணையை மலர் வைத்து அலங்கரித்தது மாதிரி இருக்கிறது.

மும்பை உயர் நீதிமன்றத்தின் புஷ்பா கனேடிவாலாவை நினைத்துப் பாருங்கள். 2021 ஜனவரியில், தோலோடு தோல் படவில்லை என்பதால் ஒரு சிறுமியைத் தொட்டது போக்சோ சட்டத்தின் பாலியல் தாக்குதலில் வராது என்று எழுதினார். அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மோசமான தீர்ப்பு, எழுதியவர் பெண். அப்போது எங்கும் கேட்ட குரல், “ஒரு பெண்ணா இருந்துகிட்டு இப்படி எழுதலாமா?” ஆண்கள் எழுதிய இதுபோன்ற தீர்ப்புகளுக்கு “ஒரு ஆம்பளயா இருந்துகிட்டு” என்று யாரும் கேட்டதில்லை. பெண் சரியாக எழுதினால் பெண் என்பதால் சாய்ந்துவிட்டார், தவறாக எழுதினால் பெண்ணாக இருந்துமா.

இந்திரா காந்தி வழக்கும் அந்தச் சூத்திரத்துக்குள் அடங்காது. ஈப்போவில் மூன்று பிள்ளைகளைக் கணவர் ஒருதலையாக மதம் மாற்றியதை எதிர்த்து அந்தத் தாய் போராடினார். 2018 ஜனவரி 29இல் கூட்டரசு நீதிமன்றம் ஏகமனதாக அவர் பக்கம் சொன்ன தீர்ப்பை எழுதியவர் சைனுன் அலி என்ற மலாய்ப் பெண் நீதிபதி. ஆனால் அதற்கு முன்பே 2013இல் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் லீ ஸ்வீ செங், 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் சிறுபான்மைத் தீர்ப்பில் ஹமீட் சுல்தான் அபு பக்கர் என்று இரண்டு ஆண்கள் அதே திசையில் எழுதியிருந்தார்கள். சட்டத்தைப் படிக்கக் கருப்பை தேவைப்படவில்லை. தீர்ப்புக்குப் பின்னும் ஆண்டுக்கணக்கில் கடைசிப் பிள்ளை தாய் கைக்கு வந்து சேரவில்லை என்பது வேறு கதை.

அப்படியென்றால் யார் உட்கார்ந்தாலும் ஒன்றுதானா? அதுவும் இல்லை. மலேசிய விமானப் பணிப்பெண்ணாக இருந்த பியாட்ரிஸ் ஃபெர்னான்டஸ், கர்ப்பமானதால் வேலை போனதை எதிர்த்து வழக்குப் போட்டார். 2005இல் கூட்டரசு நீதிமன்றம் கதவை அடைத்தது. அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு தனியார் ஒப்பந்தத்தைக் கட்டுப்படுத்தாது என்ற வாதம் நின்றது. 2011இல் ஷா ஆலாம் உயர் நீதிமன்றத்தில் நூர்ஃபடில்லா என்ற தற்காலிக ஆசிரியையின் வழக்கு வந்தது. கர்ப்பம் என்று தெரிந்ததும் வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தது அரசு. நீதிபதி சலேஹா யூசோப், கர்ப்பத்தைக் காரணம் காட்டி ஒதுக்குவது பால்பேதம்தான் என்றார். கர்ப்பம் பெண்ணுக்கு மட்டுமே வருவது, ஆகவே கர்ப்பிணியைத் தள்ளுவது பெண்ணைத் தள்ளுவது. சொன்ன பிறகு எவ்வளவு எளிமையாக இருக்கிறது! என் அம்மா என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு ஏழு மாதம்வரை பால் வெட்டப் போனவர். அவருக்கு இதைச் சொன்னபோது, “இதுக்கா கேஸு?” என்றார்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் பிரபா ஸ்ரீதேவன் 2009இல் எழுதிய தீர்ப்பு இன்னும் தெளிவான உதாரணம். ஆர். சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் என்று நம் வாசகர்களில் சிலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். சாலை விபத்தில் இறந்துபோன ஓர் இல்லத்தரசிக்கு எவ்வளவு இழப்பீடு என்பது வழக்கு. வருமானம் இல்லாதவளுக்கு என்ன பெரிய இழப்பு என்பது காப்பீட்டு நிறுவனங்களின் வழக்கமான கணக்கு. வீட்டுக்குள் அவள் செய்த வேலைக்கு மதிப்பு உண்டு, அதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும் என்று அவர் விரிவாக எழுதினார். அடுத்த ஆண்டே இந்திய உச்ச நீதிமன்றத்தில் சிங்வி, கங்குலி என்ற இரண்டு ஆண் நீதிபதிகள் வேறொரு வழக்கில் அதே பாதையில் நடந்தார்கள். எனக்கு இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். வெறும் சார்பாக இருந்திருந்தால் மற்றவர்களுக்கு அது தொற்றியிருக்காது. காட்டிக்கொடுத்ததும் எல்லோராலும் பார்க்க முடிகிற ஒன்றை அவர் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். அதற்குப் பெயர் பாரபட்சம் என்றால் அறிவு என்பதற்கு வேறு பெயர் தேட வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து இந்திய உச்ச நீதிமன்றம் போன ஆர். பானுமதி 2020 ஜூலையில் விடைபெறும்போது ஒரு தகவலைச் சொன்னார். அவருக்கு இரண்டு வயதில் அப்பா பேருந்து விபத்தில் இறந்துவிட்டார். அம்மா இழப்பீட்டு வழக்குப் போட்டு, தீர்ப்பும் கிடைத்து, நடைமுறைச் சிக்கலால் அந்தப் பணம் வீட்டுக்கு வராமலே போயிற்று. நீதித்துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டுச் சொன்னது இது. இனி ஒரு கேள்வி: விபத்து வழக்கு வந்தபோதெல்லாம் அவர் விலகியிருக்க வேண்டுமா? அப்படியென்றால் விபத்தில் யாரையும் இழக்காத, பேருந்தில் போகத் தேவையில்லாத, சொந்தக் காரில் வந்து இறங்கும் குடும்பத்துப் பிள்ளைதான் அந்த வழக்குக்கு நடுநிலையானவரா? காப்பீட்டுக்காரர் அப்படித்தான் விரும்புவார்.

தெங்கு மைமூனின் கணவருக்குத் திரும்பி வருகிறேன். என் வாதத்துக்கு இடைஞ்சலான ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அதே 2022இல் அமெரிக்காவில் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் விலக வேண்டும் என்று பலர் குரல் கொடுத்தார்கள், அவர் மனைவியின் காரணமாக. 2020 தேர்தல் முடிவை மாற்றச் சொல்லி அந்த அம்மாள் வெள்ளை மாளிகையின் தலைமை அலுவலருக்குக் குறுஞ்செய்திகள் அனுப்பியிருந்தது மார்ச்சில் வெளியானது. அதற்கு முன்பே ஜனவரியில், டிரம்ப்பின் ஆவணங்களை நாடாளுமன்றக் குழுவிடம் கொடுக்கலாமா என்ற விஷயத்தில் எட்டுப் பேர் ஒரு பக்கம், தாமஸ் மட்டும் மறுபக்கம். அந்தக் குரல் சரி, இந்த மனு தவறு என்று நான் சொன்னால் அது என் அரசியல் சாய்வா?

இல்லை என்றுதான் நினைக்கிறேன். துணைக்கு ஒரு கருத்து இருப்பது ஒன்று, வழக்கின் விஷயத்திலேயே துணைக்குக் கை இருப்பது வேறு. தேர்தல் முடிந்த ஆரவாரத்தில் நாட்டில் பாதிப் பேர் எழுதியதைப் போல ஒருவர் ஃபேஸ்புக்கில் எழுதினால், அது அவர் கருத்து. ஒரு விவகாரத்தில் இறங்கி வேலை செய்தவரின் துணை அந்த விவகாரத்தையே விசாரித்தால், அது பங்கு. இந்தக் கோட்டை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே இடத்தில் போட முடியும். தாமஸ் அதைத் தாண்டினார். தெங்கு மைமூன் அதன் பக்கத்தில்கூட வரவில்லை.

ஆனாலும் இதில் இன்னொரு மடிப்பு இருக்கிறது. நூறு ஆண்டுகளாக நீதிபதிகளின் மனைவிமார்கள் வாய் திறந்ததில்லை. பொதுவில் கருத்துச் சொல்லவில்லை, கட்சியில் சேரவில்லை, கடைத்தெருவில் யாரிடமும் அதிகம் பேசவில்லை. சமைத்துவைத்தார்கள், அங்கியைத் தேய்த்துவைத்தார்கள், பிள்ளைகளை அமைதியாக வைத்திருந்தார்கள். ஆண் நீதிபதியின் நடுநிலை அந்த மௌனத்தின் மேல் கட்டியது. அதற்கு யாரும் கூலி கொடுக்கவில்லை, அது இருப்பதே தெரியவில்லை. இன்று நாற்காலியில் இருப்பவர் மனைவி. வீட்டில் இருப்பவர் பேசிப் பழகிய ஆண், கையில் போன். அவரை மனைவிமார்கள் இருந்ததைப் போல இருக்கச் சொல்வதா? சொன்னால் இருப்பாரா? பெரியம்மாவிடம் கேட்டேன். “உங்க பெரியப்பாவையா?” என்றார்.

மாஜிஸ்திரேட் தங்கை சபாவுக்குப் போவதற்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு ஜீவனாம்ச வழக்கு. 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் மனு. மனுதாரர் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குபவர், இரண்டு பிள்ளைகள், சின்னது கைக்குழந்தை. எதிர் மனுதாரர் லாரி ஓட்டுபவர். மாதம் நூற்றைம்பது வெள்ளிக்கு மேல் தர முடியாது என்கிறார். அந்தப் பெண் கூண்டில் நின்று எல்லோரையும் போலத்தான் ஆரம்பித்தார். “அம்மா, நீங்களும் ஒரு பொம்பளதானம்மா. உங்களுக்குத் தெரியாதா?”

நான் மலாயில் சொன்னேன். தமிழ் தெரிந்தவருக்கு மலாயில் சொல்வது எப்போதுமே விநோதமாக இருக்கும். அவர் என்னையும் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணையும் பார்க்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பி, பால் மாவு டின் என்ன விலை என்று கேட்டார். அவர் முதலில் என்னைப் பார்த்தார். பிறகு இருபது வெள்ளி இருக்கும் என்றார். ஒரு டின் எத்தனை நாளைக்கு வரும்? ஒரு மாசம் வரும். அதே இரண்டு கேள்விகளையும் மனைவியிடம் கேட்டார். அந்தப் பெண் விலையைக் காசு சுத்தமாகச் சொன்னார், அளவைச் சொன்னார், எட்டு நாளில் தீர்ந்துவிடும் என்றார், மெர்லிமாவில் ஒரு கடையில் எண்பது காசு குறைவு, ஆனால் பஸ் காசு கூட ஆகும் என்றார். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் மலாயில் சொன்னேன். எண்பது காசையும் சேர்த்து எழுதிக்கொண்டார்.